கொட்டாஞ்சேனை மில்லில் கிடக்கும் மாவு

கொழும்பில் நான் முதன்முதலாகப் போய்ப் பார்த்த இடம் போலீஸ் நிலையம்தான். வெள்ளவத்தையில் எனக்கு அறை கொடுத்த தேவி அக்கா, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் என் பாஸ்போர்ட்டுமாக முன்னால் நடந்தார். சண்டை நடக்கிற காலம். தமிழர் வீடுகளில் யார் வந்து தங்கினாலும் வீட்டுக்காரர் அழைத்துவந்து பதிய வேண்டுமாம். அவருக்கு என்னைவிட வயது குறைவு. ஆனால் அந்த வீட்டில் தங்கியிருந்த எல்லோரும் அக்கா என்றதால் நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை அண்ணை என்றார். நான் கிளம்பும்வரை இருவருமே அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"என்னத்துக்கு வந்தனீங்கள் எண்டு கேக்கிறார், அண்ணை."

"ஒரு மாவு மில்லோட வரலாற எழுத வந்திருக்கேன்னு சொல்லுங்க."

தேவி அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பிடிச் சொன்னா ரெண்டு பேரையும் உள்ள வைச்சிடுவாங்கள். கோயிலுக்கு எண்டு சொல்லுறன்."

சொன்னார். முத்திரை விழுந்தது.

நான் சொன்னதுதான் உண்மை. தூத்துக்குடியில் நான் பிழை திருத்தும் அச்சகத்தில் ஒரு துறவற சபையின் நூற்றாண்டு மலர் தயாராகிக்கொண்டிருந்தது. அந்தச் சபைக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய மடம் உண்டு. மடத்துக்குள் ஒரு மாவு மில். ஒரு காலத்தில் எங்கள் கடற்கரைக் கோயில்களின் நற்கருணை அப்பத்துக்கு அங்கிருந்துதான் தோணியில் மாவு வந்ததாம். மலரில் அதற்கு நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். போர் நடக்கிற ஊருக்குப் போய் விவரம் சேகரித்துவர ஆள் இல்லை. நான் போகிறேன் என்றேன். வீட்டில் தடுக்க யாரும் இல்லை.

தடுத்திருக்கக்கூடியவள் போன வருடம் இறந்துபோனாள். என் மனைவி பிலோமினா கொட்டாஞ்சேனையில் பிறந்தவள். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பின் சித்தியோடு அகதியாகத் தூத்துக்குடிக்கு வந்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது இருவருக்குமே வயது கொஞ்சம் கடந்திருந்தது. பிறந்த ஊரைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள். ஒரே ஒரு பேச்சு மட்டும் அடிக்கடி வரும். என்னோடு கோபம் என்றாலும், மழை விடாமல் பெய்தாலும், கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சலித்துப்போனாலும் அதையே சொன்னாள்: "நான் போகோணும். பிரதர்மாரின்ர மில்லில என்ர மா கிடக்கு."

அந்த மாவு உண்மையிலேயே கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை நான் அச்சகத்தில் சொல்லவில்லை.

அன்று காலையே காலி வீதியில் பஸ் ஏறினேன். கொட்டாஞ்சேனை நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. பாதி வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி, வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, நடந்துபோய் அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும். நடத்துனர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். "'கெதியா நடவுங்கோ, கலியாண ஊர்வலமோ போறீங்கள்' எண்டு ஏசுறான்," என்று எனக்குப் பின்னால் நின்றவர் சொன்னார். நான் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கி, உறையில் போட்டு, உறையைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பையை மடித்து ரப்பர் வளையம் மாட்டி நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த குடையும் அதோடு போயிற்று.

மடத்தைக் கண்டுபிடிக்க யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. முகத்துவாரம் போகும் சாலையில் திரும்பியதுமே மில்லின் இரைச்சல் கேட்டது. உயர்ந்த மதில், அதில் இரண்டு வாசல்கள். பெரியது மடத்துக்கு, சிறியது மில்லுக்கு. சிறிய வாசலுக்குள் ஒரு முற்றம். முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக டின்கள் நின்றன: பால்மா டின், பிஸ்கட் டின், பெயிண்ட் டின்னைக் கழுவியது. ஆட்கள் வரிசையில் நிற்கவில்லை. அவர்கள் மதில் நிழலில் உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருக்கும் டின் உள்ளே போகும்போது மட்டும் யாராவது ஒருவர் எழுந்து எல்லா டின்களையும் காலால் ஒரு அடி தள்ளிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார்.

எங்கள் ஊர் மில்லில் டின்னோடு ஆள் நிற்க வேண்டும். இல்லையென்றால் டின்னும் இருக்காது, அரிசியும் இருக்காது.

மில்லைக் கவனிப்பவர் பிரதர் பெனடிக்ட். என் வயதுதான் இருக்கும். அங்கியின் மேல் சாக்கை இடுப்பில் கட்டியிருந்தார். புருவம்வரை மாவு. நான் வந்த காரியத்தைக் கத்திச் சொன்னேன். அவர் காதில் கைவைத்துவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று சாடை காட்டினார். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு கரண்ட் போயிற்று. தெருவே அமைதியானது.

"இப்ப கேளுங்க மாஸ்டர்," என்றார். "கரண்ட் இருந்தா அரிசி. இல்லாட்டி வரலாறு."

அவர் சிங்களவர், ஊர் நீர்கொழும்பு. நோட்டும் பேனாவுமாக வருகிறவர் எல்லோரும் அவருக்கு மாஸ்டர்தான். "வீட்டில சிங்களம், மீன் வாடியில தமிழ், கோபம் வந்தா ரெண்டும்," என்றார்.

அந்த நாட்களில் கொழும்பில் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தது. எல்லோரும் திட்டினார்கள். எனக்கு அது உதவியது. மில்லின் வரலாறு முழுவதையும் மின்வெட்டுகளில்தான் கேட்டு எழுதினேன். திரிகைக் கற்கள் இரண்டும் பிரான்சிலிருந்து கப்பலில் வந்தவை. ஒரு கல் துறைமுகத்தில் தண்ணீருக்குள் விழுந்து, முகத்துவாரத்து மீனவர்கள் மூழ்கி எடுத்ததாக ஒரு கதை உண்டு. "நம்பலாமா?" என்று கேட்டேன். "கல்லப் பாத்தா நனைஞ்ச மாதிரித் தெரியல்ல," என்றார். முதலில் ஒரு சோடி மாடு சுற்றியது. பிறகு நீராவி, பிறகு டீசல், இப்போது மோட்டார். கோயில் அப்பத்துக்குச் சனிக்கிழமை மட்டும் கோதுமை திரிப்பார்கள். அதற்கு முன் கல்லைச் சுத்தப்படுத்த ஒரு படி அரிசியை ஓட்டி எடுப்பார்கள். அந்த மாவு, அப்போது வாசலில் நிற்கும் ஏழைகளுக்கு.

உலகப் போரின்போது பர்மா அரிசி வருவது நின்று, ரேஷன் கூப்பனுக்குக் கோதுமை மணி கிடைத்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று ஊருக்குத் தெரியவில்லை. பெண்கள் மணியைச் சுமந்துகொண்டு மடத்து வாசலில் வந்து நின்றார்கள். அன்றைய மடத்துத் தலைவர் மதிலை உடைத்து அந்தச் சிறிய வாசலை வைத்துக் கொடுத்தார். மில் அப்படித்தான் ஊருக்குச் சொந்தமானது.

கரண்ட் வருவதற்குள் சிலர் திரித்த மாவை வாங்கிப்போனார்கள். வாங்கும் முறை எனக்குப் புதிது. சீட்டு இல்லை, பெயர் இல்லை. ஒரு முஸ்லிம் பெண்மணி வந்து, "பச்சரிசி, ரெண்டு தரம் ஓட்டினது, கடைசில ரெண்டு ஏலக்கா," என்றார். பிரதர் உடனே ஒரு டின்னை எடுத்துக் கொடுத்தார். எப்படித் திரிக்கச் சொன்னார்களோ அதைச் சொன்னால் போதும். அடுத்து வந்த ஆள் தலையைச் சொறிந்தார்.

"தெரியாது பிரதர். வீட்டுக்காரி எடுத்துட்டு வரச் சொன்னா."

மதில் நிழலில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "போய்க் கேட்டுட்டு வா தம்பி. இத்தினை வருசமா என்னத்தத் திண்டனீ?"

அவர் உண்மையிலேயே திரும்பிப் போனார்.

"ஏன் எழுதி ஒட்டக் கூடாது?" என்றேன்.

"எழுதினா, வாசிக்கத் தெரிஞ்சவன் எல்லாம் எடுத்துட்டுப் போயிடுவான் மாஸ்டர்."

அன்று மாலை வெள்ளவத்தைக் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே ரயில் ஓடுகிறது. தூத்துக்குடியில் சூரியன் கடலிலிருந்து எழும், இங்கே கடலில் விழுகிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் ஊர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கடையில் மீன் வைத்த பன் ஒன்றும் (பணிஸ் என்கிறார்கள்) பால் சேர்க்காத தேநீரும் சாப்பிட்டேன். பணிஸ் நன்றாக இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லாததால் நாட்குறிப்பில் எழுதினேன்.

தேவி அக்கா வீட்டில் என்னைத் தவிர ஏழு பேர். எல்லோரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கனடாவுக்கோ லண்டனுக்கோ விசாவுக்குக் காத்திருப்பவர்கள். கூடத்து டெலிபோன் மணி அடித்தால் எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தி ஒன்றாக நிமிர்வார்கள். அது எனக்காக ஒருமுறைகூட அடிக்கவில்லை.

மறுநாள் மில்லில் கரண்ட் போனதும் பிரதர் என்னை உள் அறைக்கு அழைத்துப்போனார். சுவரில் ஒரு நீளப் பலகை. அதில் பதினொரு டின்கள். துடைத்துத் துடைத்து மூடிகளில் பெயிண்ட் போயிருந்தது.

"இது வராத ஆக்கள்ட," என்றார்.

கலவரம் தொடங்கிய அன்று காலையிலும் முற்றத்தில் டின்கள் வரிசையாக நின்றிருக்கின்றன. பத்து மணிக்கு டின்கள் மட்டும் நின்றன, ஆட்கள் இல்லை. தெருக்கோடியில் புகை. அப்போது மில்லைப் பார்த்த பிரதர் இன்னொருவர். வாங்கிவைத்த அரிசியைத் திரிக்காமல் விடக் கூடாது என்று அடுத்த சில நாட்களில் எல்லாவற்றையும் திரித்துவிட்டார். பிறகு அகதி முகாமிலிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். திரிக்கச் சொன்ன விதத்தைச் சொல்லி வாங்கிப்போனார்கள். பதினொரு பேர் வரவில்லை.

"மா கெட்டுப்போகுமே?"

"கெட விடமாட்டோம். மூணு மாசத்துக்கு ஒருக்கா இருக்கிறத வாசல்ல குடுத்துட்டு, புதுசாத் திரிச்சுப் போடுவோம். அவங்க சொன்ன மாதிரியே. எனக்கு இந்த வேலை தந்தப்ப முதல்ல பாடமாக்கினது இந்தப் பதினொண்டுதான். ஜெபம் மாதிரி."

நான் பேனாவை மூடினேன். "பிரதர், இதுல ஒண்ணு என் வீட்டுக்காரியோடதா இருக்கும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு, மற்றவர்களிடம் கேட்கும் அதே சாதாரணக் குரலில் கேட்டார்: "எப்படித் திரிக்கச் சொன்னவ?"

பதினான்கு வருடங்கள் அவளோடு சாப்பிட்டிருக்கிறேன். அரிசி என்ன விலைக்கு வாங்கினோம், எந்தத் தேதியில் மழை பெய்தது, மின்சார மீட்டர் எவ்வளவு காட்டியது, எல்லாம் நாட்குறிப்பில் இருக்கும். மில்லுக்குப் போனது எப்போதும் அவள்தான். மாவு வீட்டுக்கு வந்தது மட்டுமே எனக்குத் தெரியும்.

"இடியாப்பத்துக்கு," என்றேன். "வெள்ளையா. நைசா."

"அப்படி ஒண்டு இங்க இல்லையே மாஸ்டர்." அவர் சிரித்துவிட்டார். "நீங்க லொத்தர் டிக்கட் எடுக்கிற மாதிரிச் சொல்றீங்க. ஏன் கஷ்டப்படுறீங்க? அவவிட்டக் கேளுங்க. இந்தியாவில டெலிபோன் இருக்குத்தானே?"

கரண்ட் வந்தது. மில் இரையத் தொடங்கியது. அந்த இரைச்சலில் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வெள்ளவத்தையில் வெளிநாட்டுக்குப் பேசுவதற்கென்றே தெருவுக்குத் தெரு கடைகள். கண்ணாடிக் கூண்டுகளுக்குள் ஆட்கள் அழுதுகொண்டும் கத்திக்கொண்டும் இருப்பார்கள். அன்று மாலை நான் ஒரு கூண்டுக்குள் போய் என் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். அவள் நோயில் விழுந்தபோது வாங்கிய டெலிபோன். மணி அடித்தது. கூடத்தில், சன்னல் பக்கம், பூத்துணி போட்ட சின்ன மேசையில் அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். தானாக நிற்கும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

"லைன் கிடைக்கேல்லையோ ஐயா?" என்றாள் கடைப் பெண்.

"கெடச்சுது. ஆள் இல்ல."

மறுநாள் ஞாயிறு. மில்லுக்கு விடுமுறை. காலையில் பூசை பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். சைவக்காரரான தேவி அக்காவுக்குப் பூசை இல்லை, குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தார். பனையோலையில் முடைந்த நீத்துப்பெட்டி, அதற்குள் மாவும் தேங்காய்ப்பூவும். நான் வாசலில் நின்று பார்த்தேன்.

"உங்கட மனுசி பிட்டு அவிக்கிறவவோ, அண்ணை?" அவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"வாரத்துல ரெண்டு நாள். சிவப்பா இருக்கும். அதுல மட்டும் எப்பவும் கறுப்பா ஏதோ தூசி கெடக்கும். பொறுக்கி வச்சிட்டுச் சாப்பிடுவேன்."

"என்ன தூசி?"

தட்டின் விளிம்பில் அவற்றை எப்படி வரிசையாக வைப்பேன் என்று விரலால் காட்டினேன்.

தேவி அக்கா அகப்பையைக் கீழே வைத்தார். "அண்ணை, அது உளுந்து! ஒரு பிடி கறுத்த உளுந்தைத் தோலோட வறுத்து அரிசியோட போட்டுத் திரிக்கிறது. வாசத்துக்கு. அதையே பொறுக்கி வைச்சனீங்கள்? எத்தினை வருசம்?"

"பதினாலு."

அவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். கூடத்துக்குக் குரல் கொடுத்தார்: "இங்க வாங்கோ, இந்தியா அண்ணை பதினாலு வருசம் பிட்டில உளுந்து பொறுக்கினவராம்!" ஏழு பேரும் வந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டெலிபோன் மணி அடித்தது. எல்லோரும் ஓடினார்கள். குசினியில் நானும் தேவி அக்காவும் மட்டும் நின்றோம்.

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. ஆனால் தட்டை எடுக்கும்போது, விளிம்பில் நான் ஒதுக்கியதை விரல் நுனியால் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வாள். எதையும் வீணாக்காதவள் என்று நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை மாலை எனக்கு விமானம். காலையில் மில்லுக்குப் போனேன். மழை தூறியது, குடை இல்லை. முற்றத்தில் டின்கள் நனையாமல் இருக்கச் சாக்கைப் போர்த்தியிருந்தார்கள். கரண்ட் போகும்வரை காத்திருந்தேன்.

"டெலிபோன் எடுத்தீங்களா மாஸ்டர்?"

"எடுத்தேன்."

"சொல்லுங்க."

"சிவப்புப் பச்சரிசி. கொரகொரப்பா. ஒரு பிடி கறுப்பு உளுந்து, தோலோட வறுத்தது."

அவர் சிரிக்கவில்லை. "பெரிய கையா, சின்னக் கையா?"

என் கையைப் பார்த்தேன். "சின்னக் கை."

பலகையில் ஏழாவதாக இருந்த டின்னை இறக்கி என் முன் வைத்தார். பச்சை பிஸ்கட் டின். மூடியில் பாதி அழிந்த ரோஜா. "இதத் திரிச்சுப் போடும்போதெல்லாம் யோசிப்பேன், இந்தப் பிடி உளுந்து போட்டவ ஆர் எண்டு. திறந்து பாருங்க."

திறந்தேன். சிவந்த மாவு, நடுநடுவே கறுப்பு. என் வீட்டு அடுக்களையின் வாசம். விரல்களை உள்ளே விட்டேன். போன மாதம் திரித்ததாம். கொரகொரவென்று விரல்களில் ஒட்டியது.

"கட்டித் தரவா? பிளேனில விடுவாங்களா தெரியாது, எண்டாலும் கட்டித் தாறேன். பதினொண்டு பத்தாகட்டும்."

ஓரத்தில் சணல் கயிறு கிடந்தது. அவர் அதை எடுத்து நீளம் பார்த்தார். நான் மூடியைப் போட்டு, நான்கு பக்கமும் அழுத்தி, டின்னை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"வேண்டாம் பிரதர். இருக்கட்டும். அவளே வந்து எடுத்துக்கிடட்டும்."

அவர் கயிற்றைச் சுருட்டி ஓரத்தில் போட்டார். பிறகு டின்னைத் துணியால் துடைத்து, பலகையில் அதே இடத்தில் வைத்தார்.

"அதுவும் சரிதான். இப்ப வரவேண்டாம் எண்டு சொல்லுங்க. சண்டை முடிஞ்ச பிறகு வரட்டும். அதுவரைக்கும் திரிச்சுப் போடுவோம்."

கரண்ட் வந்தது. அவர் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு கல்லுக்குப் போனார். நான் சிறிய வாசல் வழியாக வெளியே வந்தேன்.

பஸ் அதே சோதனைச் சாவடியில் நின்றது. இறங்கி வரிசையில் நின்றேன். சிப்பாய் சின்ன வயதுக்காரன். பாஸ்போர்ட்டைப் பார்த்தான், பிறகு என் விரல்களைப் பார்த்து ஏதோ கேட்டான்.

"கையில என்ன எண்டு கேக்கிறான்," என்றார் பின்னால் நின்றவர்.

"மாவு. கொட்டாஞ்சேனை மில்லுல என் வீட்டுக்காரி மாவு திரிக்கக் குடுத்திருக்கா."

அவர் சிங்களத்தில் சொன்னார். சிப்பாய் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தான். அதை அப்படியே சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது.